கரண்டும் காவியும்

அக்காவுக்குக் கரண்ட் வைக்கப் போகிறார்கள், கூடப் போய் வர ஆள் இல்லை என்று அவள் வீட்டுக்காரர், மாமா, போன் செய்தபோது நான் கொச்சிப் பக்கம் ஓர் இறால் உரிக்கும் ஷெட்டில் இருந்தேன். கதிர்வீச்சு சிகிச்சையை எங்கள் பக்கம் கரண்ட் என்றுதான் சொல்வார்கள். ஆளை ஒரு மிஷினுக்கு அடியில் படுக்க வைத்து, தடிமனான கதவைச் சாத்திவிட்டு, எல்லோரும் வெளியே போய்விடுகிறார்கள். அதை வேறு எப்படிச் சொல்வது?

நான் ஒன்பதாவதைப் பாதியில் விட்டவள். அதற்கப்புறம் திருப்பூரில் பனியன் கம்பெனி, சென்னையில் லேடீஸ் ஹாஸ்டல் சமையல், ஓசூரில் ரோஜாப் பண்ணை, கடைசியாக இந்த இறால். ஓரிடத்தில் வருஷம் தாண்டினால் எனக்கு இருப்புக் கொள்ளாது. இறால் ஷெட்டில் விரல் நுனியெல்லாம் வெந்தது போல இருக்கும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு மறுநாளும் உரிப்போம். தோல் என்றால் போகும், வரும் என்பதற்கு மேல் நான் யோசித்ததில்லை.

செஞ்சியில் பஸ்ஸைவிட்டு இறங்கி வீட்டுக்குப் போனதும் அக்கா கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். ரவிக்கையை அவிழ்த்தாள்.

"இப்பவே நல்லா பார்த்துக்கோ. அப்புறம் ஆஸ்பத்திரியில வந்து மயக்கம் போட்டு வுழுந்தா உன்னை யாரு தூக்குறது?"

இடது பக்கம் மார்பு இல்லை. தையல் போட்ட கோடு அக்குளை நோக்கி ஓடியது. அதன்மேல் ஊதா மையில் நீளமும் குறுக்குமாகக் கோடுகள், நடுவில் ஒரு கூட்டல் குறி.

"மேஸ்திரி செவுரு எழுப்புறதுக்கு முன்னாடி நூல் புடிச்சுக் கோடு போடுவான் இல்ல, அதுமாதிரிடி. இதுக்குள்ளாறதான் கரண்ட் வைப்பாங்களாம். அழிச்சிடக் கூடாதாம். சோப்பு போடக் கூடாது, தேய்க்கக் கூடாது."

டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். நடுவில் விடக்கூடாது. விட்டு விட்டு வைத்தால் வைத்ததற்குப் பலன் குறைந்துபோகும். ஞாயிறு, சனி தவிர தினமும் போயாக வேண்டும். கடைத்தெருவில் வாளி, குடம், கயிறு விற்கும் மாமாவால் தினமும் வர முடியாது. அதனால் நான். காலையில் கிளம்பி, திண்டிவனத்தில் பஸ் மாறி, பாண்டிச்சேரி போய், கொஞ்ச நேரம் மிஷினுக்கு அடியில் படுத்துவிட்டு, மத்தியானச் சோற்றுக்கு மேல் வீடு திரும்புவது. இப்படியே முதல் வாரங்கள் ஓடின. எனக்கு பஸ்ஸில் போவது பிடிக்கும் என்பதால் பெரிய கஷ்டம் தெரியவில்லை.

பிறகு தோல் சிவந்தது. கொஞ்ச நாளில் சிவப்பு கருப்பானது. அக்குள் மடிப்பில் தோல் உரிந்து வழண்டு தண்ணீர் கசிந்தது. ரவிக்கை பட்டால் அக்கா பல்லைக் கடித்தாள். வீட்டில் மாமாவின் பழைய காட்டன் சட்டையைப் போட்டுக்கொண்டு, இடது கையை இடுப்பில் ஊன்றியபடியே நடந்தாள். யாரோடோ சண்டைக்கு நிற்பது போல இருக்கும்.

என் குழப்பம் இங்கேதான் ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் கேட்டால் ஒரு நர்ஸ், ஒன்றும் போடாதீர்கள் என்றாள். அடுத்த வாரம் இருந்த வேறொரு நர்ஸ், சாயந்திரம் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவலாம், காலையில் வரும்போது மட்டும் இருக்கக் கூடாது என்றாள். டாக்டரிடம் கேட்க வரிசையில் நின்றால், அவர் முகத்தைப் பார்த்ததும் அக்கா "நல்லா இருக்குது சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுவாள்.

கடைக்குக் குடம் வாங்க வருகிறவர்கள் மாமாவிடம் விசாரிப்பார்கள். விசாரித்தவர்கள் யாரும் வைத்தியம் சொல்லாமல் போகவில்லை. மேல்சித்தாமூரிலிருந்து வந்த ஒரு அம்மாவுக்கும் இதே நோய் வந்து, இதே கரண்ட் வைத்திருந்தார்கள். அவர் சொன்னது கற்றாழை. தோலைச் சீவி, உள்ளே இருக்கும் சோற்றை ஏழு தண்ணீரில் அலசி, மஞ்சள் பால் துளிகூட இல்லாமல் எடுத்துப் போட வேண்டும். "எனக்கு அதான் உசுரு குடுத்துச்சு" என்றார். மாமா உடனே செட்டிகுளத்துப் பக்கம் போய் ஒரு மூட்டை கற்றாழை வெட்டிக்கொண்டு வந்தார். போட்டோம். ஜில்லென்று இருக்கிறது என்றாள் அக்கா. மறுநாள் தொண்டூர்க்காரர் ஒருவர், அவர் மாமியாருக்குக் கற்றாழை போட்டுத்தான் அரிப்பு கூடியது, குப்பைமேனியும் மஞ்சளும் அரைத்துப் போடுங்கள் என்றார். போட்டோம். எரிகிறது என்றாள். எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம் என்றார் மாமா. வேறு யாரோ வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்து, எண்ணெய் ஊதா நிறமாக மாறியதும் ஒரு பாட்டிலில் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதையும் தடவினோம்.

கரண்ட் சூடு, அதனால் குளிர்ச்சியாகப் போட வேண்டும் என்று ஒரு கட்சி. உள்ளே போன சூட்டைக் குளிர்ச்சி போட்டு அமுக்கினால் அது எலும்பில் தங்கிவிடும் என்று இன்னொரு கட்சி. இரண்டையும் கேட்டால் இரண்டுமே சரியாகப் பட்டது. நான் படித்திருந்தால் தெரிந்திருக்குமோ என்று நினைத்தேன். ஆனால் எங்கள் தெருவில் பி.எஸ்ஸி. படித்த பெண்தான் போனில் பார்த்து வேப்பெண்ணெய் சொன்னாள், அதையும் போட்டோம்.

எதைப் போட்டாலும் காலையில் துடைத்தாக வேண்டும், ஆஸ்பத்திரியில் தெரிந்தால் திட்டுவார்கள். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு கழிப்பறைக்குள் நாங்கள் இரண்டு பேரும் நுழைந்து, நான் ஈரத்துணியால் ஒற்றி எடுப்பேன். ஒருநாள் வெளியே காத்திருந்த பொம்பளை கதவைத் தட்டினாள்.

"உள்ள இன்னா, கல்யாணமா நடக்குது?"

"வளைகாப்பு. முடிஞ்சதும் சோறு போடுவோம், நில்லு" என்று அக்கா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

ஒரு காலை சேலை கட்ட உதவும்போது, அவள் முதுகில், தோள்பட்டைக்குக் கீழே, கொத்துக் கொத்தாகச் சின்னக் கொப்புளங்களைப் பார்த்தேன். முன்பக்கம் கறுத்துக் கிடந்த இடத்தை ஒட்டி அவை முதுகுக்கு ஓடியிருந்தன. எதிர்வீட்டுப் பெரியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். தயங்கவே இல்லை.

"அக்கிடி இது. கரண்டாவது கிரண்டாவது. அக்கி வந்த உடம்ப மிஷினுக்கு அடியில கொண்டுபோய்ப் போட்டீங்கன்னா அவ்வளவுதான்."

அக்கி என்றால் எங்கள் ஊரில் மருந்து கிடையாது. எண்ணெய் கூடாது, குளிக்கக் கூடாது, வெளியே அலையக் கூடாது. மண்பானை செய்கிற வீட்டு ஆள் வந்து காவியைக் குழைத்துக் கொப்புளத்தின் மேல் உருவம் எழுத வேண்டும். காவி தானாகக் காய்ந்து உதிரும்போது அக்கியும் உதிரும்.

நான் அப்போது அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அந்தப் பெரிய நோய் வந்த நாளிலிருந்து அப்படி ஒரு முகத்தை நான் பார்த்திருக்கவில்லை. பயம் போய்விட்டிருந்தது. அக்கி யாருக்கு வேண்டுமானாலும் வரும். எங்கள் நைனாவுக்கு வந்திருக்கிறது. மாமாவுக்குச் சின்ன வயசில் வந்திருக்கிறது. பெயர் சொன்னால் தெருவே புரிந்துகொண்டு, எழுதியாச்சா என்று கேட்கும் ஒரு நோய்.

"அப்போ எழுதிடலாம்" என்றாள்.

அனந்தபுரம் ரோட்டிலிருந்து பானை செய்கிற வீட்டு அம்மாவை மாமா வண்டியில் கூட்டி வந்தார். கொட்டாங்குச்சியில் காவி, கோழி இறகு ஒன்று. அந்த அம்மா அக்காவை உட்கார வைத்து முதுகைப் பார்த்தார், சரி என்றார். முன்பக்கம் வந்ததும் இறகைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏம்மா, இது யாரு எழுதினது?"

"ஆஸ்பத்திரியில" என்றேன்.

"முன்னாடியே ஒருத்தங்க எழுதியிருக்காங்களே. அது மேல நான் எப்பிடி எழுதுறது? எழுதினவங்க கோச்சிக்க மாட்டாங்க?"

"அது அக்கிக்கு எழுதினது இல்லம்மா" என்றாள் அக்கா.

"எதுக்கோ எழுதியிருக்குது இல்ல?" அந்த அம்மா குனிந்து மறுபடி பார்த்தார். "அதுவும் இங்க பாரு, கறுப்பு சதுரமா நிக்குது. ஓரமெல்லாம் வெட்டின மாதிரி. அக்கி சதுரமா வந்து நான் பார்த்ததில்ல. எனக்கு ஒண்ணும் புரியல தாயி. முதுகுல மட்டும் எழுதிட்டுப் போறேன்."

"முன்னாடியும் எழுதுங்க. துடைச்சிட்டு எழுதுங்க."

"கோட்டை அழிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கக்கா" என்றேன்.

"நீ சும்மா இருடி. வந்து ரெண்டு மாசம்கூட ஆகல."

அந்த அம்மா என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு ஈரத்துணியால் துடைத்தார். எண்ணெயும் இலைச்சாறும் போட்டுப் போட்டு ஏற்கெனவே இளகியிருந்த மை, ஒரே இழுப்பில் துணிக்கு வந்துவிட்டது. துணியில் ஊதாக் கறை. முதுகில் கொஞ்சம் எழுதிவிட்டு, முன்பக்கம் சுத்தமான தோலில் கோழி இறகால் ஓர் உருவம் எழுதினார். சிங்கம் என்றார். எனக்கு நாய் மாதிரி தெரிந்தது, சொல்லவில்லை.

கோடு போகும் என்று தெரிந்துதான் அக்கா துடைக்கச் சொன்னாளா, ஆத்திரத்தில் சொன்னாளா? அன்று மத்தியானம் முழுவதும் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். கேட்டால் சண்டை வரும். மாமாவிடம் சொன்னேன். அவர் கடை வாசலில் கயிற்றுக் கட்டை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தார். "அக்கியோட போறதும் தப்பு, போகாம இருக்கறதும் தப்பு. நான் இன்னா பண்றது?" என்று என்னையே கேட்டார்.

மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். ஏன் வரவில்லை, காய்ச்சலா, நாளைக்குக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாருங்கள், இன்னும் கொஞ்சம்தானே பாக்கி என்றாள். போனை அக்காவின் காதில் வைத்தேன். அவள் கையால் தள்ளிவிட்டாள்.

"காவி உதிரட்டும். அப்புறம் பார்க்கலாம்."

"கேப் வுழுந்தா வெச்சதெல்லாம் வீணாப் போயிடும்னு சொன்னாங்களே."

"போவட்டும். உனக்கு எரியுதா? எனக்குத்தான எரியுது."

பெரியம்மா சொல்வது உண்மையாக இருந்தால் நான் அக்காவைச் சாகடிக்கக் கூட்டிப் போகிறேன். டாக்டர் சொல்வது உண்மையாக இருந்தால் வீட்டில் உட்காரவைத்துச் சாகடிக்கிறேன். என் இஷ்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தவள் நான். இன்னொருத்தியைப் போ என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. கடைசியில் எழுதினவரையே கேட்பது என்று கிளம்பி, வெயிலில் அனந்தபுரம் ரோட்டில் நடந்தேன்.

அந்த அம்மா சூளைக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"எங்க மாமியா எழுதுச்சு, அதப் பார்த்து நான் எழுதுறேன். அதுக்கு மேல எனக்கு இன்னா தெரியும்? உங்க அக்கா சாவுறதுக்கா நான் எழுதினேன்?"

"வெளிய போகக் கூடாதுன்னு சொல்றாங்களேம்மா."

"குளிக்கத்தான் கூடாது. பஸ்ல போனா காவி இன்னா கோச்சிக்கவா போவுது? காவியோடவே இட்டுக்குனு போ. நான் சொன்னேன்னு சொல்லு."

அதை வந்து சொன்னேன். பெரியம்மாவால் மறுத்துப் பேச முடியவில்லை, எழுதின ஆளே சொல்லிவிட்டார். அக்கா காய வைத்திருந்த சேலையை எடுத்து மடித்தாள். பிறகு, "காலையில எந்த பஸ்ஸு?" என்றாள்.

ஆஸ்பத்திரியில் மிஷின் பார்க்கிற பெண் துணியை விலக்கியதும் "ஐயோ" என்றாள். கோடு ஒன்றுகூட இல்லை. சதுரமான கருப்புத் தோலில் செங்காவியில் ஒரு மிருகம் வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"அக்கா, இது இன்னாங்கக்கா? புலியா?"

"சிங்கம்" என்றாள் அக்கா, ரோஷத்தோடு.

டாக்டரைக் கூப்பிட்டார்கள். அவர் திட்ட வாயெடுத்தார், அக்காவின் முதுகைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். காவிக்கு ஊடே கொப்புளங்களை ஒரு கண்ணாடியால் பார்த்தார். இதுவரை என்னவெல்லாம் போட்டீர்கள், ஒன்றுவிடாமல் சொல்லுங்கள் என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். நானும் அவளுமாக எல்லாவற்றையும் ஒப்பித்தோம். வேப்பெண்ணெயை நான் மறந்துவிட்டேன், அவள் எடுத்துக் கொடுத்தாள். பேச்சு திண்டிவனம் கழிப்பறைவரை வந்துவிட்டது. அவர் சிரித்தாரா என்று தெரியவில்லை, முகத்தில் மாஸ்க் இருந்தது.

"முன்னாடி இருக்கறது கரண்ட் சூட்டுல வந்தது. பின்னாடி பார்த்தா அக்கி மாதிரிதான் இருக்கு. எதிர்ப்பு சக்தி குறைஞ்ச உடம்புல வரும். மாத்திரை தரேன். நான் குடுக்கிற களிம்பைத் தவிர எந்த இலையும் வேண்டாம். நாலஞ்சு நாள் ஆறட்டும், அப்புறம் மறுபடி கோடு போட்டு ஆரம்பிக்கலாம். வருவீங்களா?"

கடைசிக் கேள்வியை அவர் அக்காவைப் பார்த்துத்தான் கேட்டார். வரமாட்டேன் என்று அவள் சொன்னால் யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது.

"அக்கிதான சார்?" என்றாள்.

"ஆமாம்மா."

"அப்போ வரேன்."

திரும்பி வரும்போது அவளிடம் பழைய அதிகாரம் வந்துவிட்டது. பக்கத்து சீட்டுப் பொம்பளையிடம், "டாக்டரே சொல்லிட்டார், அக்கின்னு" என்று மயிலம் தாண்டும்வரை சொல்லிக்கொண்டு வந்தாள். வீட்டில் பெரியம்மாவிடம் சொன்னாள், கடையில் போய் மாமாவிடம் சொன்னாள். எரிகிறதெல்லாம் அக்கியால்தான், அக்கி போனால் எரிச்சலும் போய்விடும், அப்புறம் கரண்ட் ஒரு பொருட்டே இல்லை என்பது அவள் கணக்கு. மாத்திரையை வேளை தவறாமல் போட்டாள். களிம்பைத் தவிர எதையும் தொடவிடவில்லை. கற்றாழை மூட்டையை நானே தூக்கிப் போய்க் குப்பையில் போட்டேன்.

மறுபடி கோடு போடுகிற அன்று அக்காவை ஸ்கேன் அறைக்குள் கூட்டிப் போய்விட்டார்கள். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். வயதான பெரிய டாக்டர் ஒருவர் ரவுண்டு வந்தார். முதல் டாக்டர் போனில் எடுத்திருந்த முதுகுப் படத்தை அவரிடம் காட்டினார். பெரியவர் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். இது அக்கியாகத் தெரியவில்லை, ஏதோ இலைச்சாறு முதுகுவரைக்கும் வழிந்து தோல் ஒத்துக்கொள்ளாமல் வந்த கொப்புளம் போல இருக்கிறது என்றார். இவர், இருக்கலாம் சார், ஆனால் வரிசையாகப் போயிருந்தது என்றார். பெரியவர் தோளைக் குலுக்கிவிட்டு, எப்படியோ ஆறிவிட்டதே என்று சொல்லி நடந்தார். என்னைக் கடந்துதான் போனார்கள். நான் எழுந்து நின்றேன். எதற்கு என்று எனக்கே தெரியாமல் வணக்கம் சொன்னேன்.

அக்கியா, குப்பைமேனியா, வெட்பாலை எண்ணெயா? அக்கி இல்லை என்றால் சிங்கத்துக்கு என்ன வேலை, மாத்திரைக்கு என்ன வேலை? ஆறியது களிம்பாலா, ஒன்றும் போடாமல் விட்டதாலா? இத்தனை பேர் சொன்னதில் யாராவது ஒருத்தர் தெரிந்து சொல்லியிருக்க வேண்டும் இல்லையா? இன்றைக்கு என்னிடம் யாராவது, கரண்ட் வைத்த தோலுக்கு என்ன போட்டீர்கள் என்று கேட்டால் எனக்கு வாய் வருவதில்லை. டாக்டரிடம் காட்டுங்கள் என்று மட்டும் சொல்கிறேன். காட்டினால் தெளிவாகிவிடும் என்று சொல்ல முடியவில்லை.

ஸ்கேன் அறைக் கதவு திறந்தது. அக்கா சேலையைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தாள். புதுக் கோடு போட்டிருந்தார்கள்.

"நாளையிலிருந்து வரச் சொல்லிட்டாங்க. பெரிய டாக்டர் வந்தாராமே, இன்னாடி சொன்னாரு?"

"நல்லா ஆறிடுச்சுன்னாரு."

"அக்கின்னு சொன்னியா?"

"அவருக்கே தெரியும்க்கா" என்றேன்.

பாக்கியிருந்த கரண்ட் முழுவதையும் அவள் வைத்துக்கொண்டாள், ஒருநாள்கூட விடவில்லை. கடைசி வாரம் அக்குளில் மறுபடி வழண்டு, முன்னைவிட மோசமாக எரிந்தது. பஸ்ஸில் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மிச்சம் இருக்கிற அக்கிதான், போய்விடும் என்றாள். நான் அவளுக்கு ஜன்னலோர சீட்டை விட்டு, இந்தப் பக்கம் யாரும் இடிக்காமல் நின்றுகொண்டேன்.